மறிப்பு: பொருளும் தோற்றமும்

"வயலுக்கு நீர் செல்லும் வாய்க்காலிலோ வக்கடையிலோ நீரோட்டத்தைத் தடுக்கும் எந்தப் பொருளையும், அதை அங்கே வைத்தவர் எவராயினும், அந்த வட்டைக்குப் பொறுப்பான விதானை முன்னறிவித்தலின்றி அகற்றலாம். இதற்கு மேலதிகாரியின் அனுமதி தேவையில்லை."

விதி இதுதான். ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழாக்கித் தருகிறேன். வட்டை என்றால் வயற்பரப்பு. விதானை என்றால் அதன் தண்ணீரைக் கவனிக்கும் ஊர் உத்தியோகத்தர். வக்கடை என்றால் வரம்பை வெட்டி வயலுக்குள் தண்ணீர் விடும் வாய். பட்டணத்திலே பிறந்து பட்டணத்திலே பென்சன் எடுக்கிறவர்களும் இதை வாசிக்கும் நம் ஓய்வூதியர் சங்கத்தில் இருப்பதால் சொல்லிவைக்கிறேன். இந்த விதி அச்சிட்ட சிறு புத்தகம் எங்கள் வட்டை விதானையின் தகரப் பெட்டிக்குள், சீலைத் துண்டில் சுற்றி, கற்பூர வில்லையோடு பத்திரமாக இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூசைக்கு அதை வெளியே எடுத்துச் சந்தனப் பொட்டு வைப்பார். வாசிப்பதில்லை. அவருக்கு இங்கிலீசு தெரியாது.

உங்களில் பலர் என்னைப்போலக் கந்தோர்களில் வயது போனவர்கள். ஒரு கடிதம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர எத்தனை நாள் எடுக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் எழுதப்போவது அந்த நாள்களுக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷத்துக் கோடை. எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு குருக்கள்மடத்துக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணலில் இருந்தது. வயல் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில். விடிய வெளிக்கிட்டுத் தோணியில் போவோம். தோணியின் அடியில் எப்போதும் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கும். அதில் இறால் கூனியின் மணமும் அப்பாவின் சுருட்டுச் சாம்பலும் கலந்து கிடக்கும். என் வேலை சிரட்டையால் அதை அள்ளி வெளியே ஊற்றுவது. பிற்காலத்தில் நான் கந்தோரில் செய்த வேலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

காணி அம்மாவின் சீதனம். மேல்துண்டை மாமா செய்தார், கீழ்த்துண்டை அப்பா செய்தார். மாமா அம்மாவின் ஒரே அண்ணன். வாய்க்கால் மாமாவின் துண்டை ஒட்டி வந்து எங்கள் வக்கடையில் திரும்பும். அந்த வருஷம், மாமா களுதாவளைக் கோயிலுக்குப் போன ஒரு நாளில், அப்பா அவரைக் கேட்காமல் வக்கடையை ஒரு சாண் அகலமாக்கினார். மாமா அடுத்த நாள் வந்து பார்த்தார். அன்று நான் வரம்பில் நின்றேன்.

"ஆரைக் கேட்டு வெட்டினீங்க மச்சான்?"

"ஆரைக் கேக்கோணும்? இது என்ட பெண்சாதிட காணி."

"இது என்ட தங்கச்சிட காணி."

இரண்டு பேரும் சொன்னது உண்மை. இரண்டும் ஒரே உண்மை. அந்தக் காணிக்காரி பத்தடி தள்ளி, களை பிடுங்கின கையோடு, சேற்றில் நின்றுகொண்டிருந்தா. அவவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை.

அப்பா மண்வெட்டியைத் தூக்கினார், வெட்டத்தான், அடிக்க அல்ல. மாமா அவருக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்து நின்றார். தொடவில்லை. மாடு வயலுக்குள் இறங்க வரும்போது நாங்கள் நிற்பதுபோல நின்றார். அப்பா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வயற்குடிலான வாடிக்குப் போனார். மாமா வக்கடையை மண்ணால் அடைத்தார். பிறகு வரம்போரத்துப் பூவரசில் ஒரு தடி முறித்து, அதன் தலையில் வேப்பங்குழையைத் தலைகீழாகக் கட்டி, அடைத்த மண்ணின் நடுவில் ஊன்றினார்.

அதுதான் மறிப்பு.

எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு நடைமுறை இருந்தது. எழுதப்படாததால் எல்லோருக்கும் மனப்பாடம். மறிப்பு நட்ட இடத்தில் எதிராளி கைவைக்கக் கூடாது. வேறு எவரும் கைவைக்கக் கூடாது. நட்டவர்தான், தன் கையால், பிடுங்கவேண்டும். கோபம் தணிந்தால் வந்து பிடுங்குவார். பெரும்பாலும் மூன்று நாளில், அதிகம் போனால் ஒரு கிழமையில். வேறொருவர் பிடுங்கினால் அவருடைய வயலுக்கு அரிவு வெட்ட ஆள் வராது, நெற்சூடு மிதிக்க மாடு வராது, துணி வெளுக்கும் கட்டாடி வீட்டுக்கு வரமாட்டார். நட்டவர் செத்துப்போனால் மட்டும் அவருடைய தங்கச்சியின் மூத்த பிள்ளை பிடுங்கலாம். சொந்தப் பிள்ளை அல்ல. எங்கள் பக்கத்தில் குடி, அதாவது வம்சம், தாய்வழி; சொந்தப் பிள்ளை தாயின் குடி. தங்கச்சியின் பிள்ளைதான் அவருடைய குடி. இதிலிருந்து ஊர் இன்னொன்றையும் உருவாக்கி வைத்திருந்தது: நட்டவர் உயிரோடு இருக்கும்போது அந்தப் பிள்ளை பிடுங்கினால், அவர் இருக்கமாட்டார்.

மாமாவுடைய தங்கச்சியின் மூத்த பிள்ளை நான்.

மாமா மூன்றாம் நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வாடிக்கு வந்து, தன் துண்டுக்குத் தண்ணீர் பார்த்துவிட்டு, மறிப்பைத் திரும்பிப் பார்க்காமல் போனார். அம்மா அன்று மாமாவின் வட்டிலைப் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைத்தா. எங்கள் வீட்டில் அவருக்கென்று ஒரு பித்தளை வட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவர் எங்களோடு சாப்பிடுவார்; வேறு எவரும் அதில் சாப்பிட்டதில்லை. ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்று காலை மாமா கிணற்றடியில் விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சு இல்லை. பஸ்ஸில் படுக்கவைத்து மட்டக்களப்பு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அதே கிழமை கச்சான் தொடங்கியது. கச்சான் காற்றை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேற்கிலிருந்து காலை பத்து மணிக்கு எழும்பும். உதடு வெடிக்கும், வாவித் தண்ணீர் கரையிலிருந்து பின்வாங்கிச் சேறு பிளக்கும். எங்கள் வேளாண்மை குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் உள்ளே திரளும் நேரம். தண்ணீர் இல்லாவிட்டால் பதர்தான். அப்பா கீழேயிருந்த கழிவு வாய்க்காலிலிருந்து ஓலைப் பட்டையால் இறைத்தார். அவருடைய இரு கையிலும் கொப்புளம். எட்டு நாளில் கழிவு வாய்க்கால் வற்றி, அடியில் விரால் குஞ்சுகள் செத்துக் கிடந்தன. ஒரு வரம்புக்கு அப்பால் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் வாடிக்குள் இருந்தாலும் கேட்கும்.

அப்பா அந்தத் தடியைப் பிடுங்கியிருக்கலாமே என்று இன்று என் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு சுள்ளி, அதில் காய்ந்த குழை. கதவில்லை, பூட்டில்லை, காவல்காரன் இல்லை. அவர்களுக்கு என்னால் விளங்கப்படுத்த முடிவதில்லை. அப்பா அதன் பக்கத்தில் போய்க் குந்தியிருந்து சுருட்டுப் பிடிப்பார். ஒருநாளும் தொடவில்லை.

விதானையார் மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், இருந்த வெள்ளைக்காரத் துரைக்குப் பெட்டிசம் எழுதினார். நல்ல தமிழ் எழுதுவார். துரை அவர்களின் சமுகத்துக்கு, கீழ்த்துண்டு வக்கடையில் நடப்பட்ட மறிப்பை அதை நட்டவர் நோயாளியாகிப் பேச்சிழந்த காரணத்தால் அகற்ற உத்தரவு தந்தருளும்படி, தாழ்மையுடன். அம்மா கைநாட்டு வைத்தா. யூன் கடைசியில் தபாலில் சேர்த்தார். பதில் ஒரு கிழமையில் வந்துவிடும், வயல் விஷயம் என்றால் துரை உடனே பார்ப்பார் என்று அப்பாவிடம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. துரை உடனே பார்த்தார்.

இதை நான் சொல்லக்கூடியதற்குக் காரணம், இருபது வருஷத்துக்குப் பிறகு அதே கச்சேரியின் பழைய பத்திர அறையில் என்னைப் போட்டார்கள் என்பதுதான். பெண்பிள்ளை கிளாக்கருக்குத் தூசி நல்லது என்று அந்த நாளில் நினைத்தார்களோ என்னவோ. இரண்டாம் வருஷம் அந்தப் பெட்டிசத்தின் கடிதக் கோவை கையில் அகப்பட்டது. கறையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. தலைப்பில் எங்கள் வட்டையின் பேர் இல்லை, தண்ணீர் என்ற சொல் இல்லை. "மறிப்பு: பொருளும் தோற்றமும்" என்று இருந்தது.

நடந்தது இதுதான். பெட்டிசத்தை மொழிபெயர்த்தவருக்கு மறிப்புக்கு இங்கிலீசில் சொல் அகப்படவில்லை. நேர்மையான மனிதர், அகப்படாததை அப்படியே விட்டுவிட்டார். அந்தத் துரை சொற்கள் சேர்க்கிறவர். பச்சை மையில், ஓரத்தில், அழகாக எழுதியிருந்தார்: சுவையான சொல், இதன் பொருளும் தோற்றமும் அறிந்து தெரிவிக்கவும். கோவை கச்சேரியின் தமிழ் உத்தியோகத்தரான முதலியாரிடம் போனது. மறி என்றால் மாட்டை முன்னின்று திருப்புதல், அதிலிருந்து வந்தது என்று அவர் மூன்று வரியில் முடித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். துரைக்குப் போதவில்லை. ஒரு பண்டிதருக்குப் போனது. அவர் பதினொரு பக்கம் எழுதி, முதலியார் சொன்னதையே பன்னிரண்டாம் பக்கத்தில் முடிவாகச் சொன்னார். ஒரு பாதிரியாருக்குப் போனது. மலையாளக் கரையிலும் இதற்கு ஒப்பான வழக்கம் உண்டென்று கேள்வி, விசாரித்து எழுதுகிறேன் என்றார். விசாரிக்க இரண்டு மாதம் எடுத்தார்.

நடுவில், யூலை பதினைந்தாம் திகதியிட்டு, பென்சிலால் ஒரு சிறு குறிப்பு இருந்தது. கையெழுத்து விளங்கவில்லை, ஒரு இளைய கிளாக்கராக இருக்கவேண்டும்: "இந்த வயலுக்கு இப்போது தண்ணீர் போகிறதா என்று கேட்க வேண்டுமா?" அதன் கீழே தலைமைக் கிளாக்கரின் மையில்: "சொல் தீர்ந்தபின் பார்க்கலாம்."

அந்தப் பென்சில் மனிதர் யாரென்று பிறகு நான் எவ்வளவோ தேடினேன். அகப்படவில்லை.

பதினைந்தாம் திகதிக்கு முதல்நாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போனா. பஸ் முழுக்கக் கருவாட்டுச் சிப்பம். ஆசுப்பத்திரி வார்ட்டுக்குள் பினைல் மணம், அதற்குள் மாமா வெள்ளைப் போர்வையில், வீட்டில் ஒருநாளும் இல்லாத சுத்தத்தோடு கிடந்தார். மாமி கட்டிலின் தலைமாட்டில் இருந்தா. எங்களோடு பேசவில்லை, எழும்பிப் போகவும் இல்லை.

அம்மா குனிந்து, காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னா: "அண்ணன், பயிர் கருகுது. மறிப்பை எடுக்கிறதா? ஓம் எண்டா கண்ணை மூடித் திறங்க."

மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நெடுநேரம் என்னைத்தான் பார்த்தார். கண்ணை மூடினார். திறக்கவில்லை. சற்று நேரத்தில் மூச்சு நீளமாக வந்தது, தூங்கிவிட்டார்.

விதானையார் இதைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "மூடினது சரி தங்கச்சி. திறக்கல்லயே. அரைச் சம்மதம் எண்டு ஒண்டு இல்லை." சட்டம் படித்த எத்தனையோ பேரோடு பிறகு நான் வேலை செய்திருக்கிறேன். அதைவிடச் சரியான தீர்ப்பை ஒருவரும் தந்ததில்லை. அவ்வளவு பயனில்லாத தீர்ப்பையும்தான்.

அடுத்த நாள் எல்லோரும் வட்டையில் நின்றோம். காற்று முகத்தில் அறைந்தது. பயிரின் நுனி சுருண்டு, கையால் தடவினால் காகிதம்போலச் சரசரத்தது. விதானையார் ஒரு குடலையைப் பிரித்து உள்ளே பார்த்தார், அப்பாவிடம் காட்டினார்.

"நாளைக்குள்ள தண்ணி ஏறினாச் சரி தம்பி. அதுக்குப் பிறகு விட்டாலும் ஒண்டுதான், விடாட்டியும் ஒண்டுதான்." பிறகு, என்னைப் பார்க்காமல், வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒரு வழி இருக்கு. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"என்ட அண்ணன் உசிரோட இருக்கான்," என்றா அம்மா. "என்ட புள்ளையக் கொண்டு அவனைச் சாகடிக்கமாட்டன். வயல் போனாப் போகட்டும்."

"அப்ப வீட்டில அஞ்சு பேருக்கும் என்னத்தைக் குடுக்கிற?" என்றார் அப்பா.

"கூலிக்குப் போவன்."

விவாதம் அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. அப்பா வாடிக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா வாசலில் இருந்தா. பயிரைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கையில் ஒரு வைக்கோலை வைத்து முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், திரும்பவும் முடிந்தாள். எங்கள் அம்மாவை நான் ஒருமையில் எழுதுவது இந்த ஓரிடத்தில்தான். அன்று அவ என்னைவிடச் சிறியவளாகத் தெரிந்தா.

நான் வரம்பில் நடந்தேன். ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. பத்து வயதுப் பெண்பிள்ளை வரம்பில் நடப்பதில் என்ன இருக்கிறது?

இந்த இடத்தை ஊர் பிறகு பல விதமாகச் சொன்னது. பிள்ளைக்கு விளங்கவில்லை, விளையாட்டாகப் பிடுங்கிவிட்டாள் என்றார்கள். அப்பா சொல்லிக்கொடுத்துச் செய்வித்தார் என்றார்கள். இரண்டும் பிழை. நான் பிடுங்கினால் மாமா செத்துப்போவார் என்று எனக்குத் தெரியும். அதாவது முழுமையாக நம்பினேன். மாமா என்னைத் தோளில் வைத்து வாய்க்கால் கடந்திருக்கிறார். கோயில் கடையில் எனக்குக் கண்ணாடி வளையல் வாங்கித் தந்தவர். அதெல்லாம் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு, அம்மாவின் கையிலிருந்த வைக்கோலையும் நினைத்துக்கொண்டு, மாமாவா அம்மாவா என்று ஒரு கணக்குப் போட்டேன். பிறகு தடியைப் பிடித்தேன். இதை எழுத எனக்கு எழுபது வருஷத்துக்கு மேல் எடுத்திருக்கிறது.

தடி வரவில்லை. ஒரு இழுவைக்கு வரவேண்டிய சுள்ளி. இரண்டு கையாலும் இழுத்தேன், வரவில்லை. மாமாதான் அடியில் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். குந்தி, குதிக்காலை மண்ணில் ஊன்றி, பின்னுக்குச் சாய்ந்து இழுத்தபோது மெதுவாக, ஏதோ கிழிகிற ஒலியோடு வந்தது. அடியில் வெள்ளை வெள்ளையாக வேர். ஈர மண்ணில் அது உயிர்பிடித்திருந்தது. வேப்பங்குழை காய்ந்து உதிர, அதன் கீழே பூவரசின் புதுத் துளிர் இரண்டு விட்டிருந்தது. நான் அதை முன்பு பார்க்கவில்லை, ஒருவரும் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் குழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கையால் மண்ணைப் பறித்தேன். முதலில் ஒரு விரலளவு தண்ணீர், பிறகு கையளவு, பிறகு என் காலைத் தள்ளிக்கொண்டு போனது. காய்ந்த நிலம் தண்ணீரைக் குடிக்கும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? சட்டியில் பொரிவதுபோல இருக்கும்.

அம்மா ஓடிவந்தா. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தா, என்னை மறிப்பதற்கு. முடிந்துவிட்டிருந்தது. என் கையிலிருந்த தடியைப் பார்த்தா, வேரைப் பார்த்தா. அடிக்கவில்லை, ஏசவில்லை. தடியை வாங்கி ஈரச் சீலையில் சுற்றிக்கொண்டா. அன்று தோணியில் அதை மடியில் வைத்திருந்தா. வீட்டுக்கு வந்து வேலியோரம் நட்டுத் தண்ணீர் ஊற்றினா. ஏன் என்று நான் கேட்கவில்லை.

பயிர் பிழைத்தது. அதற்குப் பிறகு வந்த நாள்களை எப்படிச் சொல்வது? பட்டணத்துப் பஸ் நாளுக்கு இரண்டு தடவை எங்கள் ஒழுங்கை முகப்பில் நிற்கும்.  யாராவது இறங்கி எங்கள் வீட்டை நோக்கி நடந்தால், மரணச் செய்தியோடுதான் வருகிறார் என்று பின்வளவுக்கு ஓடிவிடுவேன். இரவில் அம்மாவின் பக்கத்தில் படுக்காமல் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். புது அரிசிச் சோறு வந்தபோது என் பங்கைத் தள்ளி வைத்தேன். அப்பா, கச்சான் வெக்கை பிள்ளைக்கு என்றார். பெரியவர்கள் எங்களைப்பற்றிச் செய்த நோய்க் கணிப்புகள் பெரும்பாலும் அந்த ரகம்தான்.

மாமா சாகவில்லை. ஓகஸ்ட் முடிவில் வீட்டுக்கு வந்தார். பேச்சுத் திரும்பியிருந்தது, ஒரு பக்கத்து வாயால். ஒரு கம்பை ஊன்றி நடந்தார். மாமி எங்கள் வேலியில் வந்து நின்று அம்மாவுக்குச் சொன்னா: "உசிரோட கிடந்த மனிசனுக்குக் கொள்ளி வச்சிட்டிங்களே மச்சாள். புள்ளையச் சொல்லல்ல, அது குழந்தை, அதுக்கு என்ன தெரியும்?"  நான் பூவரசுக்குப் பக்கத்தில் நின்றேன். மாமி தந்த அந்த மன்னிப்பு எனக்கு உரியதல்ல என்பது அப்போதே தெரியும்.

ஒரு நாள் பள்ளிவிட்டு வரும்போது மாமா கோயில் மதிலோரம் இருந்தார். தனியே. கூப்பிட்டார்.

"மருமகள், இஞ்ச வா. ஒண்டு கேக்கிறன், பொய் சொல்லாத. நான் இருக்கன் எண்டு தெரிஞ்சுதானா புடுங்கினாய்?"

"ஓம் மாமா."

"புடுங்கினாப் போயிருவன் எண்டும் தெரியுமா?"

"ஓம்."

மாமாவின் நல்ல பக்கத்துக் கண் என்னை அளந்தது. கோபம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரியவர்கள் எல்லோரிலும் அவர் ஒருவர்தான் என்னிடம் அதைக் கேட்டவர். என் பதிலைப் பதிலாக எடுத்துக்கொண்டவரும் அவர் ஒருவர்தான்.

"அப்ப சரி," என்றார். "நான் செத்தவன்தான். முறைப்படி நடந்திருக்கு."

முறை என்றால் முறை. அன்றிலிருந்து மாமா எங்கள் வீட்டுப் படலையைத் தாண்டவில்லை. வயலில் மேல்துண்டை மாமியின் தம்பியிடம் விட்டுவிட்டார். தெருவில் யாராவது சுகம் விசாரித்தால், "ஆரை, என்னையா? நான் போய்ச் சேந்து எத்தினை நாள்" என்பார். ஊர் சிரித்தது. அம்மா எதிரே வந்தால் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வார். செத்தவன் தங்கச்சியோடு பேசமுடியாதே. பிடிவாதம் என்று அப்பா சொன்னார். எனக்கு இப்போது வேறு மாதிரிப் படுகிறது. தான் ஒரு கோபத்தில் நட்ட தடி தன்னுடைய கையை விட்டுப் போய், ஒரு பிள்ளையின் கையில் அப்படியொரு கணக்கை வைத்ததை அவரால் தாங்கமுடியவில்லை. வெளியே வர அவருக்கு ஒரு வக்கடை தேவைப்பட்டது. அதைத் திறக்க எங்கள் ஒருவராலும் முடியவில்லை. அம்மா ஒவ்வொரு வெள்ளியும் வட்டிலைத் துலக்கிக் கவிழ்த்து வைத்தா.

மழை வந்தது. ஐப்பசி முழுக்க ஊற்றி, கார்த்திகையில் வட்டை எது வாவி எது என்று தெரியாமல் வெள்ளம் நின்றது. தண்ணீரைப் பற்றிய எங்கள் பெட்டிசத்துக்கான பதில் அந்த வெள்ளத்துக்குள்தான், தபாற்காரரின் தோணியில், எண்ணெய்ச் சீலையில் சுற்றி வந்தது. தமிழ் மொழிபெயர்ப்பு இணைத்திருந்தார்கள். கோவையில் அதன் பிரதியை நான் பிறகு பார்த்தேன். நான்கு மாதத்துக்கு மேல் ஓடி, ஏழு பேர் கைபட்டு, நான்கு வாக்கியம். மறிப்பு என்னும் சொல்லின் தோற்றம் பற்றி இன்னும் உறுதியான முடிவு காணப்படவில்லை. அப்படியொரு தடையை அரசாங்கம் அறியாது. அறியாததாகையால் அது இருந்ததாகக் கொள்ளமுடியாது. நீரோட்டத்தைத் தடுக்கும் பொருளை விதானையே அகற்றலாம், விதியைப் பார்க்கவும்.

விதானையார் அதை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, புத்தகத்தை எடுத்து, சந்தனப் பொட்டு வைத்த அந்த மட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாக அவருடைய பெண்சாதி சொன்னா. பிறகு கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்களிடம் வராமல் மாமாவிடம் போனார். ஏன் அப்படிச் செய்தார் என்று தெரியாது. அவருடைய உத்தியோக வாழ்க்கையில் அவர் எடுத்த மிகச் சரியான முடிவு அது.

பின்னேரம் மழைக்குள் மாமா வந்தார். தலையில் சாக்கு, ஒரு கையில் கம்பு, வாயில் அந்தக் கடிதம்; கை போதாததால் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார். படலையில் நின்றார். வேலியோரம் பூவரசு முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து இலைவிட்டு நின்றது. அதைப் பார்த்தார். எந்தத் தடி என்று அவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. கடிதத்தை வாயிலிருந்து எடுத்தார்.

"மருமகள்," என்றார். "கச்சேரி சொல்லுது, அங்க மறிப்பு எண்டு ஒண்டு இருக்கவே இல்லையாம். இல்லாததை நீ எப்பிடிப் புடுங்குவாய்?"

நான் பூவரசைப் பார்த்தேன்.

"நீ ஒண்டும் புடுங்கல்ல. வக்கடையில கிடந்த ஒரு சுள்ளியை எடுத்துப் போட்டிருக்காய். அவ்வளவுதான். அரசாங்கமே சொல்லுது." கடிதத்தை என் கையில் தந்தார். அது மழையில் நனைந்து, அவருடைய பல் பதிந்திருந்தது. "வச்சிக்க. உனக்குத்தான்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடக்க வெளிக்கிட்டார். வந்த காரியம் அவ்வளவுதான் என்று நினைத்தாரோ, அல்லது கூப்பிடாமல் உள்ளே வரக் கூடாது என்று நினைத்தாரோ. அடுக்களைக்குள்ளிருந்து அம்மா மழைக்குள் இறங்கி ஓடினா. அவரைத் தாண்டிப் போய், படலைக்கு வெளியே திரும்பி, இரண்டு கையையும் விரித்து நின்றா. தொடவில்லை.  சீலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

பண்டிதரின் பன்னிரண்டு பக்கத்தையும் நான் வாசித்திருக்கிறேன். இன்றைக்குத் தெருவில் உட்கார்ந்து செய்கிறவர்களும், கம்பிக்குப் பின்னால் போடப்படுகிறவர்களும் மறியல் என்று சொல்வது எந்த வேரிலிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அந்தப் படலையில் விளங்கியதுதான். வேலி வேறு, பூட்டு வேறு. மறிப்பு என்பது ஒரு ஆள், முன்னால் வந்து, கையை விரித்து நிற்பது. எதிரே நிற்பவர் நினைத்தால் விலகிப் போகலாம். போகாமல் நிற்பதில்தான் அது இருக்கிறது.

மாமா நின்றார். அம்மாவின் தலைக்கு மேல் மழையைப் பார்த்தார். கோணிய வாய் ஏதோ செய்தது.

"சரி தங்கச்சி," என்றார். "கையை இறக்கு. வாறன்."

அப்பா எழும்பிப் பாயைத் தள்ளிப் போட்டு இடம் விட்டார்.  சோறும் இறால் குழம்பும். மாமா இடது கையால், சிந்திச் சிந்தி, அந்த வட்டிலில் சாப்பிட்டார். அது வெள்ளிக்கிழமைகூட அல்ல.

வட்டில் இப்போது இல்லை. சூறாவளி வருஷத்தில் வீட்டோடு போனது. பூவரசும் அதோடு விழுந்தது. பல் பதிந்த கடிதம் மட்டும் என்னிடம் இருக்கிறது. மேல் மூலையில் கச்சேரி இட்ட திகதி நனைந்து அழிந்துவிட்டது. கீழே, விதானையார் தன் நல்ல தமிழ்க் கையெழுத்தில் எழுதியது தெளிவாக இருக்கிறது: கிடைத்தது, நவம்பர் இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை.